ஒன்பதாவது நிரை

விண்ணப்பத் தாளில், ‘இந்த நிகழ்ச்சியில் ஏன் கலந்துகொள்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி இருந்தது. மலாயில் கேட்டிருந்தார்கள். நானும் மலாயிலேயே, பறவைகள் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். சுத்தப் பொய். காக்காய், மைனா, கோழி இந்த மூன்றைத் தவிர அன்றைக்கு எனக்கு எந்தப் பறவையையும் அடையாளம் தெரியாது. கோழியைக்கூட உரித்த பிறகுதான் நன்றாகத் தெரியும்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, மாலை ஐந்தரைக்கு ஈரநிலப் பூங்காவில் கூடுவார்கள். இருட்டும் வரை பறவை பார்ப்பது, இருட்டிய பிறகு தொலைநோக்கியில் வானம் பார்ப்பது. யார் வேண்டுமானாலும் வரலாம், தொப்பியும் கொசு மருந்தும் கொண்டு வந்தால் போதும். எங்கள் ஊர் ஜாசினில் நூலகத்து அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பறவைக்காக அல்ல, தாளில் போட்டிருந்த வரைபடத்துக்காக. பாதையும் மரப்பாலமும் ஏரியுமாகப் பச்சையும் நீலமும் தீட்டியிருந்த அந்த இடம் நான் பிறந்து வளர்ந்த தோட்டம்.

என் கணவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “கொக்கு பாக்கவா போற? கண்ணாடி முன்னாடி நின்னா போதாதா?” என்றார். என் கழுத்து கொஞ்சம் நீளம். கல்யாணமான நாளிலிருந்து இதே கிண்டல்தான். வேறொரு நாளாக இருந்தால் அவர் தொப்பையைப் பற்றி நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்குத் தாளை வாங்கி மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

காரணம் அம்மா. அதற்கு இரண்டு வாரம் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விரிசல் விட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து படுத்திருந்தாள். எண்பதைத் தாண்டியவள். காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்குச் சாமான் சொல்வது போல சொன்னாள்.

“நான் போனா என்னைய உம்பாய் கடல்லயே கரைச்சிடு. தம்பிகிட்ட போய்ச் சேந்துடுறேன். எவ்வளவு நாளா ஒத்தையா கெடக்கான்.”

“சும்மா இரும்மா.”

“சும்மாலாம் இருக்க முடியாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். எண்ணெய்க் கையோடு அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உம்பாய் எங்களுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். என் தம்பி அந்தக் கடலில் இல்லையோ என்ற சந்தேகம் எனக்குப் பல வருஷமாக இருந்தது. அம்மா இல்லாத இடத்தில் அவனைத் தேடிக்கொண்டு போய்விடுவாளே என்று பயமாக இருந்தது.

தம்பி இறந்தபோது அவனுக்கு இரண்டரை வயது, எனக்கு ஒன்பது. மூன்று நாள் காய்ச்சல். சின்னப் பிள்ளைகளை எங்கள் தோட்டத்தில் எரிக்க மாட்டார்கள், பெரியவர்களைப் புதைக்கும் இடத்திலும் வைக்க மாட்டார்கள். ரப்பர் காட்டின் பள்ளத்துப் பக்கம், ஓடைக்கரை ஓரமாக, மரத்தடியில் புதைப்பார்கள். கல் கிடையாது, பெயர் கிடையாது. பால்மரம் வெட்டுகிற பெண்கள் அடுத்த நாளும் அதே வழியில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் அல்லவா, அதனால் எந்த அடையாளமும் வைக்காமல் விடுவார்கள் என்று பிற்பாடு புரிந்துகொண்டேன்.

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து இரண்டு பேர் வந்து குழி வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெண் பிள்ளைகள் போகக்கூடாது. ஆனால் நான் அப்பாவின் பின்னாலேயே போனேன், அவர் திரும்பிப் பார்த்தும் விரட்டவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மண்ணைத் தள்ளும்போது பக்கத்தில் எங்கோ ‘டொக்... டொக்... டொக்...’ என்று ஒரு சத்தம். யாரோ இன்னொரு குழி வெட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அது ஒரு பறவை. அதற்குத் தோட்டத்தில் பெயர் கிடையாது, ‘தட்டுறது’ என்போம். அந்தி நேரத்தில் அது தட்டினால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள்.

முடிந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சிமெண்டு மதகு வரை நடந்தார். அங்கே நின்று திரும்பி, மரங்களைக் காட்டினார். “மதகுலேருந்து ஒம்போதாவது நெரை. ஓடைக்கரை மரம். மறக்காத.” நிரை என்றால் ரப்பர் மரங்களின் வரிசை. எங்களுக்கு அதுதான் தெரு, அதுதான் வீட்டு எண். ‘அவருக்குக் காலு எங்க உடைஞ்சிச்சி’ என்று கேட்டால், ‘இருவதாவது நெரையில’ என்பார்கள்.

அம்மாவிடம் சொல்லப் போனார். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். “எந்த நெரைன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா எனக்குக் கத்தி ஓடாது.” அதற்குப் பிறகு வேலை பிரித்துக் கொடுக்கும் தண்டலிடம் கெஞ்சி, பால் வெட்ட மேட்டுப் பக்கம் வேறு காடு வாங்கிக்கொண்டாள். ஆக, அந்த எண் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அப்பா போன பிறகு எனக்கு மட்டும்.

தம்பி அம்மாவை விடவில்லை. எனக்குக் கல்யாணமாகி, அம்மா என்னோடு ஜாசினுக்கு வந்த பிறகும், அவன் வந்துகொண்டிருந்தான். அடுப்படி வாசலில், ஈரச் சட்டையோடு, பால் கேட்டுக்கொண்டு நிற்பானாம். மழைக்காலத்தில் அதிகம் வருவான். அம்மா விடியற்காலையில் எழுந்து ஒரு தம்ளரில் பால் ஊற்றி வாசற்படியில் வைப்பாள், பூனை குடித்துவிட்டுப் போகும். என் கணவர் அந்தப் பூனையைக் கொழுத்த பூனை என்று திட்டுவாரே தவிர, தம்ளரை ஒரு நாளும் எடுத்து உள்ளே வைத்ததில்லை.

பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மேட்டில் வீடுகள் வரப்போகின்றன, பள்ளத்தில் வெள்ளம் தேங்க ஏரி தோண்டப் போகிறார்கள், சொந்தக்காரர்கள் அங்கே புதைத்த தங்கள் ஆட்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று தோட்டத்துக் கோயிலில் அறிவித்தார்கள். அம்மாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு, பூசாரியும் மண்வெட்டியோடு இரண்டு ஆட்களும் நானுமாக இறங்கினோம். மதகு அப்படியே இருந்தது. ரப்பர் எப்போதோ போய், எண்ணெய்க்கு நடும் செம்பனை நின்றது. நான் மதகில் நின்று எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ணி, ஒன்பதாவது நிரைக்கு நடந்து, ஓடைக்கரை மரத்தைக் காட்டி, “இதுதான்” என்றேன். எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. தோட்டத்தில் பிறந்தவளுக்கு நிரை என்றால் நிரைதான்.

இத்தனை வருஷத்தில் எலும்பு எதுவும் இருக்காது, மூன்று பிடி மண் போதும் என்றார் பூசாரி. மண்வெட்டி ஆழமாக இறங்கியபோது சிவப்பாக ஏதோ மின்னியது. நான் மின்னணுப் பொருள் ஆலையில் இருபத்தெட்டு வருஷம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். கண்ணாடி வளையல் துண்டு. அதன் வளைவு அவ்வளவு சின்னது, கைக்குழந்தைக்குத்தான் ஆகும். என் தம்பி கையில் கறுப்புக் கயிறுதான் கட்டியிருந்தது. அவன் வளையல் போட்டதே இல்லை.

குனிந்து எடுத்துப் பணப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மேலிருந்து விழுந்த குப்பையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரில் அம்மா மடியில் மண்சட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த மண்ணைச் சட்டியில் போட்டதும் முந்தானையால் மூடி, குளிரில் பிள்ளையைப் பொத்துவது போல பொத்திக்கொண்டாள். நான் எப்படி வாய் திறப்பேன்?

உம்பாயில் மீன் சுடும் கடைகளைத் தாண்டி, படகுகள் கட்டும் இடத்தில் இறங்கிக் கரைத்தோம். அன்று முதல் தம்பி அடுப்படிக்கு வரவில்லை. அம்மா விடியும் வரை தூங்கினாள். ஆடி அமாவாசை தவறாமல் உம்பாய்க்குப் பால் பாக்கெட்டோடு போய் ஊற்றிவிட்டு வருவாள். சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாது என்று பூசாரி சொல்லிப் பார்த்தார், அவள் கேட்கவில்லை. உம்பாய் மீனை அதற்குப் பிறகு வாயில் வைத்ததில்லை. உம்பாயில் சுட்ட மீன் என்றால் உயிரை விடும் என் கணவர், மாமியாருக்குத் தெரியாமல் போய்த் தின்றுவிட்டு, வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

வளையல் துண்டு என் தையல் டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது. பொத்தான் தைக்க டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கை அதில் படும். எறியப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்படித்தான் நான் பறவை பார்க்கப் போனேன்.

நிகழ்ச்சியை நடத்தியவர் ஒரு டீச்சர், நாற்பது வயதிருக்கும், இடைநிலைப்பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவர். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, அதற்கு மேலேயே தொங்கும் பெரிய பைனாக்குலர். அவருடைய தாத்தாவும் ஏதோ ஒரு தோட்டத்துத் தண்டல்தானாம். முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் மலாயில் பேசிவிட்டு, என் பக்கம் வந்து தமிழில் ஒரு முறை சொல்வார்.

“அக்கா, அந்த கம்பி மேல பாருங்க, நீலமா. மீன்கொத்தி. சத்தம் போடாம பாருங்கலா, பறந்துடும்.”

நான் பைனாக்குலரைத் தூக்கி மதகைப் பார்த்தேன். மதகு இருந்தது. பாசி பிடித்து, பூங்காக்காரர்கள் பூசிய மஞ்சள் சாயம் உரிந்து, அதே இடத்தில் இருந்தது. அதற்கு அப்பால் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. செம்பனை இருந்த இடம் தண்ணீர். தண்ணீருக்குள் செத்த பனைகள் தலையில்லாமல் வரிசையாக நின்றன, நாரை ஒன்று ஒரு மொட்டை உச்சியில் நின்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தது. கானாங்கோழி கோரைக்குள்ளிருந்து கத்தியது. எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் அந்த மொட்டை வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டியதும் தொலைநோக்கியைப் பொருத்தினார்கள். மரப்பாலத்தில் வைத்தால் ஆள் நடக்கும்போதெல்லாம் ஆடும், நட்சத்திரம் குதிக்கும். அதனால் மதகுப் பக்கம் தோண்டாமல் விட்ட புல்மேட்டில்தான் எப்போதும் வைப்பார்கள். வரிசையில் நின்று நான் சனியைப் பார்த்தேன். வளையத்தோடு, பொட்டு மாதிரி இருந்தது. அப்போது பின்னால் ‘டொக்... டொக்... டொக்...’ என்றது. நான் சட்டென்று தொலைநோக்கியை விட்டுத் திரும்பினேன்.

“அது பக்கி, அக்கா,” என்றார் டீச்சர். “கூடு கட்டாது, வெறும் தரையிலயே முட்டை போடும். மலாய்க்காரங்க கம்பத்துல சில பேரு குழிவெட்டுறவன்னு சொல்லுவாங்க. கப்ரு குழிங்க பக்கம் நெறைய இருக்கும்லா, அதான்.”

“இங்கயும் இருந்திச்சி,” என்றேன்.

“பறவையா?”

“ரெண்டும்,” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இரண்டாவது மாதமும் போனேன். வேறு வழி தெரியாமல் பறவைகளை எழுதி வைத்துக்கொண்டேன். பஞ்சுருட்டான், செந்நாரை, கூகை என்று என் நோட்டில் பட்டியல் நீண்டது. என் கணவர் அதை எடுத்துப் படித்துவிட்டு, உண்மையிலேயே பறவைதான் பார்க்கிறாயா என்று ஆச்சரியப்பட்டார். வீட்டில் அந்திக்கு விளக்கேற்றும்போதுகூட எனக்கு அந்தத் தட்டல் கேட்கத் தொடங்கியது. ஜாசினில் எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கி ஏது? கேட்டுக்கொண்டிருந்தது எனக்குள்தான். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் எழுந்துபோய்ப் பின் கதவைச் சாத்துவேன்.

மூன்றாவது மாதம், மரப்பாலத்தில் ஒருவர் டீச்சரிடம் கேட்டார், இந்தப் பழைய வாய்க்கால் ஏன் பனை வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கோணலாகப் போகிறது என்று. டீச்சர் சொன்ன பதிலை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். வாய்க்கால் கோணல் இல்லை, அது ரப்பர் காலத்தது. ரப்பரை நெருக்கமாக நடுவார்கள், செம்பனைக்கு ஓலை விரிய இடம் வேண்டும், தள்ளித் தள்ளி நடுவார்கள். அதனால் பழைய நிரையும் புதிய நிரையும் எங்கேயும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு யாரோ கேட்ட மீன்கொத்தியைக் காட்டப் போய்விட்டார்.

நான் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண் சரிதான். ஒன்பதுதான். அப்பா சொன்னது ரப்பரின் ஒன்பது. நான் எண்ணியது செம்பனையின் ஒன்பது. ஆலையில் என் மேசையைத் தாண்டி ஒரு குறை போனதில்லை என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். என் சொந்தத் தம்பியை நான் வேறு மரத்தடியில் தேடியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது பழைய ரப்பர் காட்டைப் பற்றிக் கேட்டேன். “ம்மா, கித்தாக் காட்டுல நெரைக்கு நெரை எவ்ளோ தூரம் இருக்கும்?”

“ஏழு தப்படி,” என்றாள் யோசிக்காமல். “எதுக்கு?”

“சும்மாதான்.”

திங்கட்கிழமை காலை, பூங்காவில் ஆள் இல்லாத நேரம், தனியாகப் போனேன். மதகில் கால் வைத்து, ஓடைக்கரை ஓரமாகவே நடந்தேன். ஏழுக்கு ஒன்று, பதினாலுக்கு இரண்டு என்று அம்மாவின் தப்படியாகச் சின்னச் சின்னதாக வைத்தேன். அறுபத்து மூன்றாவது தப்படியில் நின்று காலடியைப் பார்த்தேன். புல்லில் மூன்று சின்னக் குழிகள், முக்கோணமாக. தொலைநோக்கியின் மூன்று கால்கள் மாதாமாதம் ஊன்றி ஊன்றி விழுந்த குழிகள்.

மூன்று மாதமாக நான் என் தம்பியின் மேல் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு, வேறு ஒன்றும் தோன்றாமல், அந்தக் குழிகளை மண் போட்டு மூடினேன். திரும்பி ஏரியைப் பார்த்தால், நான் அன்று தோண்டச் சொன்ன இடம் தண்ணீருக்குள் இருந்தது. வளையல் போட்ட பிள்ளை கிடந்த இடம்.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தேன். சொன்னால், அடுப்படி வாசலில் ஈரச் சட்டையோடு நின்ற பிள்ளையை நானே திரும்பக் கூட்டி வருகிறேன் என்று அர்த்தம். சொல்லாவிட்டால் அம்மா கடலில் போய் யாரைத் தேடுவாள்? என் கணவரிடம் கேட்டேன். அவர் முதல் முறையாகக் கிண்டல் எதுவும் செய்யாமல், “அவங்க புள்ளைய பத்தி அவங்களுக்குத் தெரியாம நம்ம ரெண்டு பேரும் பேசிட்டிருக்கோம், அது சரியா?” என்றார்.

சொன்னேன். ஒன்றையும் விடாமல், ரப்பர், செம்பனை, டீச்சர், தப்படி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப நான் யாரைக் கடல்ல போட்டேன்?”

தையல் டப்பாவைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் சுண்டுவிரல் நுனியை அந்த வளைவுக்குள் வைத்து அளந்து பார்த்தாள்.

“பொம்பளப் புள்ள,” என்றாள்.

பிறகு, “இது எப்ப கெடைச்சிச்சி?” என்றாள்.

“அன்னைக்கே.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. என் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கவில்லை, மருமகனைக் கூப்பிட்டு வாங்கிக் குடித்தாள். இரவில் அவள் விழித்திருப்பது எனக்குத் தெரியும், மூச்சிலேயே தெரியும். நான் தவறு செய்துவிட்டேன், சாகப்போகிறவளின் தூக்கத்தைப் பிடுங்கிவிட்டேன் என்று அடுத்த அறையில் படுத்துக்கொண்டு அழுதேன்.

ஐந்தாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். “ஏ புள்ள. நேத்து வந்தான்.”

கட்டிலருகே போய்க் குந்தினேன். “தம்பியா?”

“ரெண்டு பேரா வந்தாங்க. அவன் கையப் புடிச்சிக்கிட்டு ஒரு பொண்ணு. அவனை விடச் சின்னது. மூஞ்சி சரியா தெரியல.” கொஞ்ச நேரம் தம் பிடித்துவிட்டு, “அது பால் கேக்கல. கேக்கத் தெரியல போல. வெறுங்கையா நின்னுச்சி,” என்றாள்.

அன்றே என் கணவர் பாசார் சந்தைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். வாசற்படியில் இரண்டு தம்ளர் வைத்தோம். பழைய பூனை எப்போதோ செத்துப்போய்விட்டது, ஆனாலும் விடியும்போது ஒரு தம்ளர் காலி. மற்றொன்று அப்படியே இருந்தது. அம்மா அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காரணம் எதுவும் தேடவில்லை, தம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

“என்னைய அங்க கூட்டிட்டுப் போ,” என்றாள் அதற்குப் பிறகு.

மழை விட்ட மாதம் வரை காத்திருந்து, கடைசிச் சனிக்கிழமை கூட்டிப் போனோம். டீச்சருக்கு நான் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியிருந்தேன். அவர் ஃபோனில் இடத்தை மட்டும் சரியாகக் கேட்டுக்கொண்டார். அன்று தொலைநோக்கியைப் பத்தடி தள்ளி வைத்திருந்தார். மற்றவர்களிடம் ஒன்றும் விளக்கவில்லை, இங்கே பக்கி முட்டையிடும் காலம், மிதிக்காதீர்கள் என்று சொல்லி ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தார். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது.

சக்கர நாற்காலியை மதகில் நிறுத்தச் சொன்னாள் அம்மா. “எண்ணு,” என்றாள். நான் தள்ளிக்கொண்டே வாய்விட்டு எண்ணினேன். அவளும் உதடு அசைய என்னோடு எண்ணினாள். கயிற்றருகே வந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெறுங்காலைப் புல்லில் வைத்து நின்றாள். இடுப்பு வலித்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. நானும் செருப்பைக் கழற்றினேன். எங்களைப் பார்த்து, ஏன் என்று தெரியாமலே, பக்கத்தில் நின்ற சீன மாது ஒருவர் தன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

இருட்டியது. தட்டுவது தட்டத் தொடங்கியது. அம்மா அதை அடையாளம் கண்டுகொண்டு தலையை ஆட்டினாள், பயந்த மாதிரி தெரியவில்லை.

“பாட்டி, என்ன பாக்குறீங்க? நிலா வேணுமா?” என்றார் டீச்சர்.

“கார்த்திக இருக்கா?”

தம்பியின் நட்சத்திரம். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதும்போதெல்லாம் அவன் பெயரையும் கார்த்திகையையும் சேர்த்துச் சொல்லியவள், அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நானும்தான். டீச்சர் பைனாக்குலரை அவள் கண்ணில் வைத்துப் பிடித்துக்கொண்டார். உச்சிக்குப் பக்கத்தில், சின்னக் கொத்தாக. அம்மா பார்த்தாள். “கூட்டமா இருக்கு,” என்றாள். “நல்லதுதான்.”

பிறகு பைனாக்குலரை விடாமல் கேட்டாள். “டீச்சர், பேரு வைக்காத நட்சத்திரம் ஏதாச்சும் இருக்கா?”

“நெறைய இருக்கு பாட்டி. எண்ண முடியாது.”

“ஒண்ணு காட்டு. ஒரு பொம்பளப் புள்ளைக்கு. அதுக்கு என்ன நட்சத்திரம்னு யாருக்கும் தெரியாது.”

டீச்சர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. தொலைநோக்கியைத் தாழ்த்தி, தெற்கே இருட்டாக இருந்த ஒரு மூலைக்குத் திருப்பி, எதையோ தேடி நிறுத்தினார். அம்மா குனிந்து பார்த்தாள். என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. முந்தானை முடிச்சில் அந்த வளையல் துண்டை வைத்துக் கட்டியிருந்தாள், அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி நாற்காலியில் உட்கார வைத்ததும் நான் அவள் காலடியில் குந்தி, செருப்பை மாட்டிவிட்டேன். என்னால் தாங்க முடியவில்லை, கேட்டுவிட்டேன். “ம்மா, அந்தச் சத்தியம்... நான் உன்னை இங்க கொண்டாரவா? ராத்திரில வந்து, யாருக்கும் தெரியாம, இந்தப் புல்லுல...”

அம்மா கயிற்றுக்கு அப்பால் தொலைநோக்கிக்கு நின்ற வரிசையைப் பார்த்தாள். குழந்தைகளும் பெரியவர்களுமாக இருபது பேர் இருப்பார்கள், யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

“வேணாம். இவனுக்கு மாசாமாசம் இவ்ளோ பேரு வந்து நிக்கிறாங்க. அங்க அது ஒத்தையா இருக்கு. எவ பெத்ததோ, கடலு வரைக்கும் தூக்கிட்டுப் போனது நானு.” என் தலையில் கை வைத்தாள். நான்கு நாள் என் கஞ்சியைத் தொடாத கை. “என்னைய உம்பாய்லயே போடு.”

ஒன்பதாவது நிரையில் குந்திக்கொண்டு சரி என்றேன். பின்னால் பக்கி தட்டிக்கொண்டே இருந்தது. என் கணவர் நாற்காலியைத் திருப்பி, மதகைப் பார்த்துத் தள்ளத் தொடங்கினார்.